பழைய ஜெட்டை வாங்கும் நாளிலேயே விற்கிற கணக்கையும் போடுங்கள்

பழைய பிசினஸ் ஜெட் விளம்பரம் ஒன்றை யாராவது அனுப்பிக் கருத்துக் கேட்டால், படங்களைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். பளபளக்கும் பெயின்ட், புதுத் தோல் இருக்கைகள், மாலை வெயிலில் எடுத்த போட்டோ என்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நான் தேடுவது கீழே சின்ன எழுத்தில் இருக்கும் எண்களை. இரண்டு இன்ஜின்களும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கின்றன? இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி? அடுத்த பெரிய சோதனை எந்த மாதம்? பராமரிப்பு வேலைகளைப் பதிந்துவைக்கும் லாக்புக் முதல் பக்கத்திலிருந்து இருக்கிறதா? விளம்பரத்தில் பதில் இல்லையென்றால் போன் போட்டுக் கேட்பேன். போனிலும் மழுப்பினால், அந்த விமானத்தை அதோடு விட்டுவிடச் சொல்வேன்.

விமானப் பராமரிப்பு ஆவணங்களைப் படித்து, வாங்குகிறவருக்கு நிலைமையை எடுத்துச் சொல்வது என் தொழில். வருகிறவர்களில் பலரும் "இந்த விலை சரிதானா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ஆறு வருடம் கழித்து இதை யாருக்கு விற்பதாக உத்தேசம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைப் பற்றி அதுவரை யோசித்தே இருக்க மாட்டார்கள். பழைய ஜெட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன். நீங்கள் விற்கிற நாளில் எதிரே உட்காரப்போகிறவர் என்னென்ன கேட்பாரோ, அதையெல்லாம் இன்றைக்கே நீங்கள் கேட்டுவிட வேண்டும். அவர் பார்க்கப்போவது இன்னும் ஆறு வயது கூடிய விமானத்தை. உங்களைவிடக் கண்டிப்பாகத்தான் பார்ப்பார்.

சிறிய ஜெட்டுகளுக்கு வயது குறைவு இல்லை. லியர்ஜெட் 23 முதன்முதலில் பறந்தது 1963 அக்டோபரில். செஸ்னாவின் முதல் சைட்டேஷன் 1969-இல் பறந்து 1971-இல் சான்றிதழ் வாங்கியது. அந்தக் காலத்து உடல்கள் உறுதியானவை; ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல தலைமுறை உரிமையாளர்களைக் கண்டுவிடும். வருடம் போகப் போக விற்பனை விலை இறங்குகிறது. ஆனால் உதிரிபாகமும் மெக்கானிக் கூலியும் ஓவர்ஹால் செலவும் விமானத்தின் வயதைப் பார்த்து இறங்குவதில்லை. ஒரு கட்டத்தில், இரண்டு இன்ஜின்களையும் ஓவர்ஹால் செய்ய ஆகிற தொகை முழு விமானத்தின் சந்தை விலையையே தாண்டிவிடும். 1970-களில் வந்த சைட்டேஷன்கள் பல அந்தக் கட்டத்தைக் கடந்து வெகு நாளாகிறது. அங்கே நின்று பார்த்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இன்ஜினில் மீதமிருக்கும் மணிகளைத்தான். உடல் கூடவே வருகிறது.

அதனால் இன்ஜினிலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

முதல் சைட்டேஷன், சைட்டேஷன் 2, பீச்ஜெட் 400ஏ ஆகியவற்றில் இருப்பது பிராட் அண்ட் விட்னி கனடாவின் ஜேடி15டி இன்ஜின் வகைகள். பொதுவாக 3,500 மணிக்கு ஒரு முழு ஓவர்ஹால், நடுவில் 1,750 மணியில் ஹாட் செக்‌ஷன் சோதனை என்பது அதன் கணக்கு. எரி அறையும் டர்பைனும் இருக்கிற சூடான பகுதியைத் திறந்து பார்ப்பதுதான் ஹாட் செக்‌ஷன். 1992-இல் சான்றிதழ் பெற்ற சைட்டேஷன்ஜெட்டில் வில்லியம்ஸ் எஃப்ஜே44 இருக்கிறது. அதன் முதல் வகைக்கும் அதே 3,500 மணிதான். லியர்ஜெட் 35, ஃபால்கன் 10 இரண்டிலும் இருக்கும் ஹனிவெல்லின் டிஎஃப்இ731 இன்ஜினுக்கு வேறு முறை. குறிப்பிட்ட மணிக்கு ஒரு தடவை பெரிய சோதனை, 4,200 மணிக்கு இன்ஜினின் உள்மையத்தைத் திறந்து பார்க்கும் கோர் ஸோன் சோதனை என்று அது போகும். ஆகவே "இன்ஜின் இன்னும் 1,000 மணி ஓடும்" என்று ஒருவர் சொன்னால், எந்த இன்ஜின், எந்தச் சோதனை வரைக்கும் 1,000 மணி என்று கேட்க வேண்டும். ஹாட் செக்‌ஷனுக்கு முன்னால் 1,000 மணி இருப்பதும் ஓவர்ஹாலுக்கு முன்னால் 1,000 மணி இருப்பதும் வேறு வேறு.

நான் போடும் கணக்கு எளிமையானது. ஒரு இன்ஜின் ஓவர்ஹால் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 'அ' விமானத்தில் இடது இன்ஜின் 2,600 மணி ஓடிவிட்டது, வலது இன்ஜின் 600 மணி. 3,500 மணிக்கு 100 பங்கு என்றால் இடதில் சுமார் 74 பங்கும் வலதில் 17 பங்கும் கரைந்துவிட்டன. மொத்தம் 91. 'ஆ' விமானத்தில் இரண்டுமே 300 மணிதான். கரைந்தது 17 பங்கு. மற்றதெல்லாம் ஒன்றே என்றால், 'ஆ' விமானம் 74 பங்கு வரை கூடுதல் விலைக்கு வந்தாலும் அது 'அ'-வைவிட விலை அதிகம் என்று சொல்ல முடியாது.

இப்போது ஆறு வருடம் தள்ளிப் போய்ப் பாருங்கள். வருடத்துக்கு 150 மணி பறந்தால் 900 மணி. 'அ'-வின் இடது இன்ஜின் சரியாக 3,500-இல் வந்து நிற்கும். வலது இன்ஜின் 1,500-ஐ எட்டி, ஹாட் செக்‌ஷனை நெருங்கியிருக்கும். அன்றைக்கு வாங்க வருகிறவர் முழு ஓவர்ஹால் ஒன்றையும் ஹாட் செக்‌ஷன் ஒன்றையும் விலையில் கழித்துத்தான் பேசுவார். 'ஆ'-வில் இரண்டு இன்ஜின்களும் 1,200-இல் நிற்கும். சந்தை விலைப் பட்டியல்கள் பொதுவாக இன்ஜின் பாதி ஆயுளில் இருப்பதாக வைத்துத்தான் விலை சொல்கின்றன. 'ஆ' அப்போதும் அந்தப் பாதிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். பட்டியல் விலைக்கு மேலே கேட்கலாம். குறைந்த விலைக்குக் கிடைத்ததே என்று 'அ'-வை வாங்கியவர் பட்டியல் விலையைக்கூடக் கேட்க முடியாது.

தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும் பறக்கிறவர்களுக்குச் சில நாடுகளில் ஓவர்ஹால் மணியைத் தாண்டியும் ஓட்ட வழி இருக்கிறது. இன்ஜினின் நிலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். "அப்படியென்றால் 3,500 பற்றி எதற்குக் கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் வாடகை விமானச் சேவை நடத்துகிறவர்களுக்கு விதிகள் பொதுவாகக் கண்டிப்பானவை. அவர்களால் அந்த இன்ஜினை அப்படியே எடுத்து ஓட்ட முடியாது. உங்களிடம் வாங்கக்கூடியவர்களில் ஒரு பெரிய கூட்டம் அதோடு போய்விடுகிறது. வாங்க ஆள் குறைந்தால் விலையும் குறையும்.

மணிக் கணக்கோடு சைக்கிள் கணக்கும் இருக்கிறது. ஒரு தடவை இன்ஜினை ஓட்டி, ஏறி, இறங்குவது ஒரு சைக்கிள். டர்பைன் டிஸ்க், இம்பெல்லர் போன்ற சுழலும் பாகங்களுக்குச் சைக்கிளில் ஆயுள் வரம்பு உண்டு. இதில் எந்த நாட்டிலும் யாருக்கும் விலக்கு இல்லை; வரம்பு வந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். அரை மணி நேரப் பயணமாகவே பறந்த விமானத்தில் மணி குறைவாகவும் சைக்கிள் அதிகமாகவும் இருக்கும். ஓவர்ஹாலுக்கு நிறைய மணி பாக்கி என்று நம்பி வாங்கி, இரண்டு வருடத்தில் ஒரு டிஸ்க்குக்காக இன்ஜினைப் பிரிக்க நேர்ந்தால் கணக்கு மொத்தமும் தலைகீழாகிவிடும். எனவே ஆயுள் வரம்புள்ள பாகங்களின் பட்டியலை ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணோடும் கேட்டு வாங்குங்கள்.

இன்ஜின் புரோகிராம் என்று ஒன்று உண்டு. பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை கட்டிவந்தால், ஓவர்ஹால் வரும்போது செலவைப் புரோகிராம் ஏற்றுக்கொள்ளும். ஹனிவெல்லின் எம்எஸ்பி, பிராட் அண்ட் விட்னி கனடாவின் இஎஸ்பி, வில்லியம்ஸின் டாப், எந்தத் தயாரிப்பாளரையும் சேராத ஜேஎஸ்எஸ்ஐ ஆகியவை பெயர் பெற்றவை. புரோகிராமில் இருக்கும் விமானம் சீக்கிரம் விற்கும்; கடன் கொடுப்பவருக்கும் அதன் மேல் நம்பிக்கை அதிகம். இருந்தாலும் "புரோகிராமில் இருக்கிறது" என்ற ஒரு வரியோடு திருப்தியடையக் கூடாது. எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது, பாக்கி ஏதும் உண்டா, ஒப்பந்தம் புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா, ஆயுள் வரம்புள்ள பாகங்களும் துருவும் அதில் அடங்குமா என்பதை நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்க வேண்டும். விற்பவரின் வாய்மொழி இங்கே போதாது.

அப்புறம், குறைந்த மணி என்கிற மயக்கம். 30 வயதான விமானம் மிகக் குறைவாகத்தான் பறந்திருக்கிறது என்று கேட்டதும் பலருக்கு முகம் மலரும். எனக்குக் கவலைதான் வரும். ஜெட் சும்மா நிற்கவே கூடாது. சீல்கள் காய்ந்து வெடிக்கும், எரிபொருள் தொட்டியில் தண்ணீர் சேர்ந்து நுண்ணுயிர் வளரும், பேட்டரிப் பெட்டியைச் சுற்றியும் கழிவறை, காபி மேடைக்கு அடியிலும் துரு பிடிக்கும். சோதனைகளில் பல நாட்காட்டியைப் பார்த்து வருபவை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். பழைய சைட்டேஷன்களுக்கு ஃபேஸ் 5 என்ற பெரிய சோதனை 1,200 மணி அல்லது 36 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது. லியர்ஜெட் 35-க்கு 12 வருடச் சோதனை இருக்கிறது. அந்தச் செலவைத் தாங்க முடியாமலே விற்பனைக்கு வருகிற விமானங்கள் உண்டு. வருடத்துக்கு 150, 200 மணி தொடர்ந்து பறந்து, ஒரே பணிமனையில் பராமரிக்கப்பட்ட விமானத்தைத்தான் நான் எப்போதும் முதலில் வைப்பேன்.

சரி, லாக்புக்குக்கு வருவோம். என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஒரு விமானத்தின் லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து படித்தால் அது எங்கே வாழ்ந்தது, யார் கவனித்தார்கள், யார் அலட்சியம் செய்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு லாக்புக்கில் "இடது இறக்கையின் முன்விளிம்புப் பகுதி மாற்றப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. ஏன் மாற்றினார்கள் என்று இல்லை. தேய்ந்துபோய் மாற்றுகிற பாகம் இல்லையே அது! தரகரிடம் கேட்டால் வழக்கமான வேலைதான் என்றார். அந்த வேலையைச் செய்த பணிமனையின் ஒர்க் ஆர்டரைத் தேடச் சொன்னோம். கிடைத்தது. பறவை மோதியிருக்கிறது. அதோடு தயாரிப்பாளர் ஒப்புதல் கொடுத்த பழுதுபார்ப்பு வரைபடமும், உள்ளே இறக்கையைத் தாங்கும் ஸ்பார் சட்டத்தைச் சோதித்த அறிக்கையும், மாற்றிய பாகத்தின் சான்றிதழும் சேர்ந்தே கிடைத்தன. வேலை அருமையாகச் செய்யப்பட்டிருந்தது. அந்த விமானத்தையே வாங்கச் சொன்னேன். அந்தக் காகிதங்கள் இல்லாமல் வாங்கியிருந்தால், நாளைக்கு விற்கும்போது என்னைப் போல ஒருவர் அதே வரியில் விரலை வைத்துக் கேட்பார்; அன்றைக்குப் பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

விபத்து வரலாறு என்றாலே ஓடிவிட வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சரியாகப் பழுதுபார்த்து, முழுதாக எழுதிவைத்த சேதம் விலையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. எழுதாமல் விட்ட சேதத்தைத்தான் நான் ஏற்பதே இல்லை. அமெரிக்கப் பதிவு விமானமென்றால் பெரிய பழுதுபார்ப்புகளும் மாற்றங்களும் 337 என்ற படிவத்தில் பதிவாகியிருக்கும். அதன் நகல்களை அந்த நாட்டு விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ-விடமிருந்தே வாங்கி லாக்புக்கோடு ஒத்துப் பார்க்கலாம். ஆயுள் வரம்புள்ள பாகங்களுக்கு அவை தயாரான நாளிலிருந்து தொடர்ச்சியான வரலாறு வேண்டும். தொழிலில் இதை பேக் டு பர்த் என்பார்கள். நடுவில் ஒரு இணைப்பு அறுந்துபோனால், கண்ணுக்குப் புதிதாகத் தெரிகிற டிஸ்க்கையும் எத்தனை சைக்கிள் ஓடியது என்று நிரூபிக்க முடியாது. பயன்படுத்த முடியாத இரும்பாகிவிடும். ஒரு லாக்புக் தொலைந்துபோன விமானத்தின் விலை பலமாக அடிபடுவதற்கு இதுதான் காரணம். இதில் தள்ளுபடி வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடாதீர்கள். அதே தள்ளுபடியை, இன்னும் பெரிதாக, நீங்களும் கொடுக்க வேண்டி வரும்.

ஆவணங்கள் தேறினால்தான் ஹேங்கருக்குள் போவேன். வாங்குவதற்கு முந்தைய சோதனையை, அதாவது ப்ரீ-பையை, அந்த விமானத்தை இதுவரை பராமரித்த பணிமனையில் செய்யக் கூடாது. தங்கள் வேலையில் தாங்களே குற்றம் கண்டுபிடிக்கச் சொல்வது அவர்களுக்கும் தர்மசங்கடம். அந்த மாடலில் நல்ல அனுபவமுள்ள வேறு இடம் வேண்டும். முன்பணத்தை மூன்றாம் தரப்பான எஸ்க்ரோ கணக்கில் போட்டுவிட்டு, சோதனைச் செலவை வாங்குபவரும், பறக்கும் தகுதியைப் பாதிக்கிற குறைகளைச் சரிசெய்கிற செலவை விற்பவரும் ஏற்பது வழக்கம். இதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த பெரிய சோதனை நெருங்கியிருந்தால், ப்ரீ-பை என்று தனியாகச் செய்வதைவிட அந்தச் சோதனையையே இப்போது செய்யச் சொல்லிப் பேரம் பேசுவது எனக்குப் பிடித்த வழி. திறக்கிற பலகைகள் அவைதான். இரண்டு தடவை திறந்து மூடுவதில் என்ன லாபம்?

போர்ஸ்கோப் சோதனையின்போது வாங்குபவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்வேன். விரல் தடிமன்கூட இல்லாத கேமராக் குழாய் இன்ஜினின் சிறு துளை வழியாக உள்ளே போகும். ஒருவர் ரோட்டரைக் கையால் மெல்லத் திருப்ப, டர்பைன் பிளேடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போகும். சாம்பல் பூத்த உலோகம், முனையில் சின்னத் தேய்மானம், சில இடங்களில் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்திருப்பது எல்லாம் தெரியும். அடுத்து நாசில் வளையத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் வரும். வாங்குபவருக்கு அப்போதே முகம் வாடிவிடும். "சார், இதுக்கு மேனுவல்ல அளவு இருக்கு. இந்த நீளம் வரைக்கும் விடலாம், அடுத்த சோதனையில திரும்ப அளக்கணும்" என்று மெக்கானிக் சொல்லி, அளந்து, படத்தோடு அறிக்கையில் ஏற்றுவார். விரிசலே இல்லாத பழைய இன்ஜினை நான் எதிர்பார்ப்பதில்லை. அளந்து எழுதப்பட்டிருக்க வேண்டும், போன தடவை எவ்வளவு இருந்தது என்றும் தெரிய வேண்டும். கடலோரத்தில் வாழ்ந்த விமானமென்றால் பிளேடில் உப்பு அரிப்பைத் தனியாகத் தேடச் சொல்வேன். மணிக் கணக்கில் எவ்வளவு பாக்கி இருந்தாலும் அரிப்பு முற்றிய பிளேடு அதற்காகக் காத்திருக்காது.

சோதனைப் பறப்பில் நான் கேட்பவை சில. உயரத்தில் கேபின் அழுத்தம் முழு அளவுக்கு நிற்கிறதா? ஒரே அளவு உந்துவிசையில் இரண்டு இன்ஜின்களின் வெப்பநிலைக்கும் எரிபொருள் ஓட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஆட்டோபைலட் எல்லா முறைகளிலும் பிடிக்கிறதா? இந்த எண்களை யாராவது எழுதிக்கொள்ள வேண்டும். விமானம் அழகாகப் பறந்தது என்று சொல்லிக்கொண்டு இறங்கினால் ஒன்றும் கிடைக்காது.

பெயின்டையும் உள் அலங்காரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதன் காகிதங்களையும் கேட்பேன். பெயின்டுக்கும் எடை உண்டு. எலிவேட்டர், ரட்டர், அய்லரான் போன்ற அசையும் பரப்புகளைப் பெயின்ட் அடித்தபின் மறுபடி சமநிலை பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் அதிர்வு வரும் ஆபத்து இருக்கிறது. அந்தச் சமநிலை வேலை லாக்புக்கில் பதிவாகியிருக்கிறதா? புது இருக்கைத் துணிக்கும் கம்பளத்துக்கும் தீப்பற்றும் தன்மையைச் சோதித்த சான்றிதழ் இருக்கிறதா? அழகான கேபின் ஒன்றில் இந்தச் சான்றிதழ் இல்லையென்றால், அடுத்த முறை பதிவு மாற்றும்போதோ வாடகைச் சேவைக்குக் கொடுக்கும்போதோ மொத்தத்தையும் கழற்ற வேண்டி வரலாம்.

விதிகள் ஒரு பழைய ஜெட்டை ஒரே நாளில் முடக்கிவிட முடியும். சத்தம் அதிகமான பழைய சிறிய ஜெட்டுகளை, அதாவது ஸ்டேஜ் 2 வகைகளை, அமெரிக்கா 2015 டிசம்பர் 31-க்குப் பிறகு தன் முக்கிய நிலப்பரப்பின் மேல் பறக்க விடவில்லை. சத்தம் குறைக்கும் கருவி பொருத்தாத லியர்ஜெட் 23, 24, 25 போன்றவற்றின் சந்தை அதோடு சுருங்கிப்போனது. அவை பறக்கத் தகுதியில்லாமல் போகவில்லை. பறக்க இடமில்லாமல் போயின. அதேபோல 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையில் நெருக்கமான உயர இடைவெளியில் பறக்க ஆர்விஎஸ்எம் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் அது 2005 ஜனவரியில் வந்தது. அந்த அனுமதி இல்லாத ஜெட் கீழேயே பறந்து எரிபொருளைக் கொட்டிக்கொண்டிருக்கும்; பறக்கும் தூரமும் சுருங்கும். 2020 ஜனவரி 1 முதல் அங்கே பெரும்பாலான வான்வெளிக்கு, விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம். ஐரோப்பாவும் அதே வருடம் கொண்டுவந்தது. இவையெல்லாம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிற விமானத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்தான். ஏனென்றால், நீங்களாகப் பொருத்தினால் செலவழித்த தொகை முழுதும் விற்கும்போது திரும்ப வராது. முந்தைய உரிமையாளர் செலவழித்திருந்தால் அந்த இழப்பு அவரோடு போகிறது.

ஏவியானிக்ஸில், அதாவது காக்பிட்டின் மின்னணுக் கருவிகளில், இன்னொன்று பார்க்க வேண்டும். 1990-களின் விமானங்களில் காக்பிட் திரைகள் பழைய டிவி போலக் குழாய் வகை. அவற்றைப் பழுதுபார்க்க ஆளும் பாகமும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு திரை போனால் இன்னொரு பழைய விமானத்திலிருந்து கழற்றியதைத்தான் தேட வேண்டும். ஏற்கெனவே புதிய தட்டைத் திரைக்கு மாற்றியிருந்தால் நல்லது. அந்த மாற்றத்துக்கு அரசு அமைப்பு தரும் ஒப்புதலான எஸ்டிசி-யின் ஆவணங்களும் சேர்ந்து வர வேண்டும். ஒரு நாட்டின் எஸ்டிசி-யை இன்னொரு நாடு அப்படியே ஏற்கும் என்று நினைக்க வேண்டாம்.

எந்த மாடல் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எந்த மாடலுக்கு இன்றைக்கும் ஆதரவு பலமாக இருக்கிறதோ அது. சைட்டேஷன் குடும்பத்துக்கு இந்த விஷயத்தில் நல்ல பலம். நிறைய கட்டப்பட்டன, தெரிந்த மெக்கானிக்குகள் பல இடங்களில் இருக்கிறார்கள், 501 (முதல் சைட்டேஷனின் ஒரு வகை), 525 (சைட்டேஷன்ஜெட்) போன்றவற்றை ஒற்றை பைலட்டே ஓட்டலாம். சொந்தமாக ஓட்டும் உரிமையாளர்களிடையே அவற்றுக்கு எப்போதும் தேவை இருப்பதற்கு அது பெரிய காரணம். லியர்ஜெட் 35 வேகம், உயரம் இரண்டிலும் இன்றைக்கும் மெச்சத்தக்கது. ஆனால் இரண்டு பைலட் வேண்டும், கையாளத் தேர்ச்சியும் வேண்டும். அதன் தயாரிப்பாளரான பம்பார்டியர் 2022-இல் லியர்ஜெட் தயாரிப்பை முடித்துக்கொண்டாலும் இருக்கும் விமானங்களுக்கு ஆதரவு தருகிறது. பீச்ஜெட் 400ஏ விலைக்கு விசாலமான கேபின் தருகிறது. எஃப்ஜே44 இன்ஜின் பொருத்திப் புதுப்பித்த நெக்ஸ்டன்ட் 400எக்ஸ்டி என்ற வடிவமும் உண்டு. எக்லிப்ஸ் 500-இன் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2006-இல் சான்றிதழ் பெற்று, 2008 கடைசியில் தயாரிப்பு நிறுவனம் திவாலானது. சுமார் 260 விமானங்களின் உரிமையாளர்கள் பாகங்களுக்கும் மென்பொருள் மேம்பாட்டுக்கும் அலைய வேண்டியதாயிற்று. விமானத்தில் குறை ஒன்றுமில்லாமலே அதன் விலை சரிய முடியும் என்பதற்கு அது சாட்சி.

உரிமைப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று அது பதிவான நாட்டின் பதிவேட்டில் தேட வேண்டும். அமெரிக்கப் பதிவென்றால் ஓக்லஹோமா சிட்டியில். அதோடு 2001-இல் கையெழுத்தான கேப் டவுன் உடன்படிக்கையின் கீழ் டப்ளினில் இயங்கும் சர்வதேசப் பதிவேட்டிலும் தேட வேண்டும். உடலுக்குத் தனியாக, இன்ஜின்களுக்குத் தனியாக. இன்ஜின் மேல் மட்டும் யாருக்காவது உரிமை இருக்கலாம். ஓவர்ஹாலின்போது இரவல் இன்ஜின் மாட்டிய விமானங்களில் இது வரும். சீரியல் எண்ணை நேரில் பார்த்து ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை.

ஹேங்கர் வாடகை, காப்பீடு, வருடாந்தர சிமுலேட்டர் பயிற்சி, நேவிகேஷன் டேட்டாபேஸ் சந்தா, எரிபொருள் பற்றியெல்லாம் பலரும் விரிவாகப் பேசுகிறார்கள். நான் அதிகம் சொல்லப் போவதில்லை. காப்பீட்டை மட்டும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஜெட் அனுபவம் குறைவான, தானே ஓட்ட விரும்பும் உரிமையாளருக்குக் காப்பீட்டு நிறுவனம் வைக்கும் பயிற்சி நிபந்தனைகள் சில நேரம் வாங்கும் முடிவையே மாற்றிவிடும்.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்கான வேலை அன்றே ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் தகுதிச் சான்றாக வரும் அமெரிக்காவின் 8130-3 அல்லது ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ படிவம் 1-ஐ அன்றன்றைக்கே ஸ்கேன் செய்து, மூலப் பிரதியைத் தீப்பிடிக்காத அலமாரியில் வையுங்கள். பராமரிப்பைக் கேம்ப் போன்ற கண்காணிப்பு முறையில் விடாமல் ஏற்றுங்கள். நீண்ட நாள் பறக்காவிட்டால் மேனுவல் சொல்கிற பாதுகாப்பு முறையைச் செய்து, செய்ததை எழுதிவையுங்கள். விற்பதற்குப் பெரிய சோதனைக்கு இரண்டு மாதம் முன்னால் என்று பலரும் நேரம் குறிக்கிறார்கள். வாங்குபவருக்கும் அது தெரியாமல் இல்லை. சோதனை முடித்து, அறிக்கை கையில் ஈரம் காயாமல் இருக்கும்போது விற்பனைக்கு வைத்தால் பேரம் சீக்கிரம் முடியும். ப்ரீ-பையில் புதிதாக எதுவும் கிளம்பாது. சந்தையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2008-க்குப் பின் விலைகள் சரிந்தன. 2021, 2022-இல் விற்பனைக்கு விமானமே கிடைக்காமல் விலைகள் ஏறின. நல்ல சந்தையில் எல்லாம் விற்கும். மோசமான சந்தையில் ஆவணமும் இன்ஜின் மணியும் உள்ளவை மட்டும் விற்கும். நீங்கள் விற்கும் வருடம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே தெரியாதாகையால், மோசமான சந்தையை நினைத்துத்தான் வாங்கச் சொல்கிறேன்.

கடைசியாக, முழு விமானமாக யாரும் வாங்காத நாள் வரும். அப்போது அதைப் பிரித்து உதிரியாக விற்கும் நிறுவனங்கள் ஒரு விலை சொல்வார்கள். வாங்கும் முன்பே அப்படிப்பட்ட இரண்டு நிறுவனங்களிடம் அந்த மாடலுக்கு இன்று என்ன தருவீர்கள் என்று கேட்டு வையுங்கள். நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையில் நீங்கள் பணயம் வைக்கும் தொகை. இன்ஜினில் மணி மீதமிருந்து, டிஸ்க்குகளின் வரலாறு அறுபடாமல் இருந்தால் அந்த நிறுவனங்களும் நல்ல விலை தருவார்கள். வரலாறு இல்லாத இன்ஜினுக்கு அவர்கள் விலையே சொல்வதில்லை, எடைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள்.